ஒரு சொல்லுக்கு மட்டும் மௌனவிரதம்

"சுவாமி, இந்த ஆசிரமத்தில் ஓதுகிற மந்திரம் எது?"

"ஏன், உனக்குத் தெரியாதா?"

"தெரியும். 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.' காலையில் கண் விழித்ததிலிருந்து அது ஒன்றுதான் காதில் விழுகிறது."

சுவாமி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

மெய்யம்மை விடுவதாக இல்லை.

"சாம்பாரில் உப்பு இல்லையா? அட்ஜஸ்ட். நாலு பேர் பெஞ்சில் ஆறாவது ஆள் வந்து இடிக்கிறாரா? அட்ஜஸ்ட். பாத்திரம் கழுவ ஆண்கள் யாரும் வரவில்லையா? அட்ஜஸ்ட். வீட்டில்தான் இப்படி என்று இங்கே வந்தேன். எனக்குப் பார்த்த மாப்பிள்ளை குடிப்பார் என்றதற்கும் அங்கே அதே வார்த்தைதான் சொன்னார்கள்."

"சரி, இப்போது என்ன ஆயிற்று?"

"என் அறையைக் கேட்கப்போகிறார்களாம்."

சிறுமலை அடிவாரத்து ஆசிரமம் அது. குளியலறை சேர்ந்த அறைகள் இரண்டே இரண்டு. ஒன்று சுவாமியுடையது. மற்றது ஒழுகுகிறது என்று எல்லோரும் கைவிட்டது. அதற்கு ஓடு மாற்றி, சுண்ணாம்பு அடித்து, தாழ்ப்பாளும் போட்டவள் மெய்யம்மை. ஒழுகிக்கொண்டிருந்தவரை அந்த அறையை யாரும் கேட்கவில்லை.

"அதை விட்டுக் கொடுத்தால் நான் ஊருக்குப் போய்விடுவேன் சுவாமி. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார எனக்கு இந்த உலகத்தில் வேறு இடம் இல்லை."

சுவாமி ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

"நாளையிலிருந்து அந்தச் சொல்லுக்கு மட்டும் இங்கே மௌனவிரதம்."

"'கொஞ்சம் அனுசரிச்சுப் போ' என்று தமிழில் சொல்லிவிட்டால்?"

"அதுவும் கூடாது. என்ன வேண்டும், யாரிடமிருந்து வேண்டும் என்று உடைத்துச் சொல்லணும்."

"எல்லோருமா?"

"எல்லோரும்தான்."

மறுநாள் ஆசிரமம் தடுமாறியது.

காலைப் பொங்கல் தீய்ந்த வாசனையோடு வந்தது. சமையல்காரர் ரங்கன் வழக்கம்போல வாயெடுத்தார். நிறுத்தினார்.

"நான் போனில் மச்சானோடு சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன். அடிப்பிடிச்சிருச்சு."

இந்த ஆசிரமத்தில் அவர் சொன்ன முதல் உண்மை அது. யாரும் எதிர்பார்க்கவில்லை. எல்லோரும் இன்னொரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டார்கள்.

பஜனையின்போது பருமனான பக்தர் ஒருவர் பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றார். நெளிந்தார்.

"உங்க மூணு பேர் இடமும் எனக்கு வேணும்" என்றார். சொன்னதும் அவருக்கே கேட்டுவிட்டது. போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

மத்தியானம் மேனேஜர் சபாபதி மெய்யம்மையின் கதவைத் தட்டினார்.

"ஏம்மா, திருப்பூர் ஐயா சம்சாரத்தோட வந்துக்கிட்டு இருக்காரு. மண்டபம் கட்டிக் கொடுத்த மனுஷன். ஒரு வாரம் தங்குறாங்க. அதனால நீ கொஞ்சம்..."

"கொஞ்சம்?"

"கொஞ்சம்... பார்த்து..."

"எதைப் பார்த்து?"

"உனக்குத் தெரியாததா?"

"தெரியாது. சொல்லுங்க."

சபாபதி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீயே சரிபண்ணின இந்த அறையை, நாங்க எடுத்து, அவங்களுக்குக் கொடுக்கப்போறோம். நீ போய் ஸ்டோர் ரூம்ல படுத்துக்கோ."

சொல்லி முடித்தவர் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரோ பேசியதைப் போல.

"ஏம்மா, நானா கேட்கிறேன்? சுவாமிதான் போனில் அவருக்கு வாக்குக் கொடுத்துட்டாரு!"

மெய்யம்மை கதவை அகலத் திறந்தாள்.

"அப்படியா? சுவாமியே வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். சொன்ன அடுத்த நிமிஷம் நான் கிளம்பிடுறேன்."

பையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். புடவைகளை மடிக்கத் தொடங்கினாள்.

சுவாமி வந்தார். வாசலில் நின்றார்.

"மெய்யம்மை."

"சொல்லுங்க சுவாமி."

"உன்..."

"என்?"

சுவாமி வெள்ளைச் சுவரைப் பார்த்தார். புது ஓட்டைப் பார்த்தார். தாழ்ப்பாளைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார்.

வெளியே கார் ஹாரன் கேட்டது.

சுவாமி திரும்பிப் போனார்.

சிறிது நேரத்தில் சபாபதியின் கூச்சல். "சுவாமி! என்ன சுவாமி இது! நீங்க போய் அங்கே..."

மெய்யம்மை ஜன்னலைத் திறந்தாள். சுவாமி தன் பாயையும் தலையணையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஸ்டோர் ரூமை நோக்கி நடந்துகொண்டிருந்தார். திருப்பூர்ப் பெட்டிகள் சுவாமியின் அறைக்குள் போய்க்கொண்டிருந்தன.

"சுவாமி!" என்று கத்தினாள். "அங்கே எலி இருக்கு!"

"தெரியும்மா" என்றார் சுவாமி, நடையை நிறுத்தாமல். "அதனாலதான் உன்னை அனுப்பலாம்னு இருந்தேன்."