மேசை மணி

"இன்னும் இதுல என்ன குறை?" என்று கேட்டார் தணிகைவேல்.

ஹெப்சிபா மேசை மணியை இன்னொரு தட்டு தட்டினாள்.

டிங்.

அது பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளம். பார்வையில்லாத மாணவர்களுக்காக, கணினி வாசித்துக் காட்டும்படி பாடப் புத்தகங்களை மாற்றிக் கொடுக்கிற அறை. தணிகைவேல் அதற்குப் பொறுப்பாளர். வயது ஐம்பத்திரண்டு. தேர்வுப் பிரிவில் இருபது வருஷம் குப்பை கொட்டிவிட்டுப் போன மாதம்தான் இங்கே மாற்றலாகி வந்தார்.

ஹெப்சிபாவுக்கு இருபத்தேழு. பிறவியிலேயே பார்வை கிடையாது. மாற்றி முடித்த கோப்புகளைக் காதால் கேட்டுச் சரிபார்ப்பது அவள் வேலை. பதவியில் அவருக்குக் கீழே. அது மாதச் சம்பளத்தில் மட்டும்தான்.

அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. கேட்டுக்கொண்டே வரும்போது எந்த இடத்தில் வழி தவறுகிறதோ, அங்கே அவள் மணி அடிப்பாள். கோப்பு திரும்பிப் போகும். காரணம் சொல்ல மாட்டாள். சொன்னால் அந்த ஒரு இடத்துக்கு மட்டும் ஒட்டுப் போட்டுக் கொண்டுவருகிறார்களாம்.

முந்தைய பொறுப்பாளர் மணியை ஒளித்துவைத்துப் பார்த்தார். அவள் டிபன் பாக்ஸ் மூடியில் தட்டினாள்.

இப்போது திரும்பி வந்தது பொருளாதாரப் பாட நூல். உள்ளே முப்பத்தொரு வரைபடம். அதைக் கேட்டிருந்தவள் இசக்கியம்மாள், எம்.ஏ. இரண்டாம் ஆண்டு. அவளுக்கும் பார்வை இல்லை. திங்கட்கிழமை தேர்வு. அவள் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுவார், வரைவார். கோடு எப்படிப் போகிறது என்று தெரிந்தால்தானே சொல்ல முடியும்?

படம் வருகிற கேள்விகளை விட்டுவிடும்படி பேராசிரியர் குணசீலன் அவளிடம் அன்பாகச் சொல்லியிருந்தார். போன தடவை விட்டாள். முப்பது மதிப்பெண் போச்சு. பாடமும் போச்சு. இந்தத் தடவையும் போனால் விடுதி அறையைக் காலி செய்துகொண்டு ஊர் போய்ச் சேர வேண்டியதுதான்.

அன்றைக்குப் புதன்.

தணிகைவேல் சோம்பேறி இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். முதல் படத்துக்கு மட்டும் மூன்று பக்கம் விளக்கம் எழுதியிருந்தார்.

"ஒரு புள்ளி விடல ஹெப்சிபா. இசக்கி கேட்டுட்டு விளங்கலங்கா. அந்தப் பொண்ணு கொஞ்சம் மந்தமோ?"

ஹெப்சிபா சிரித்தாள். மேசைக்கடியிலிருந்து ரப்பர் பலகையை எடுத்தாள். அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கீறினால் கோடு புடைத்து எழும்பும். விரலால் தடவிப் பார்க்கலாம்.

"வாசிங்க சார். நான் வரையுதேன்."

அவர் வாசித்தார். அவள் வரைந்தாள். பக்கத்தின் நான்கு விளிம்பு. வலது மூலையில் பக்க எண் நூற்று நாற்பத்தேழு. அதற்குக் கீழே கோணலாக ஒரு வட்டம்.

"இது என்னதும்மா?"

"டீக்கறை. நீங்கதான் எழுதியிருக்கீங்க."

"கோடு எங்க?"

"இன்னும் வரல சார். அது மூணாம் பக்கத்துலல்லா இருக்கு. எனக்குத் தாள் தீந்துட்டு."

வியாழக்கிழமை மூன்று பக்கத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டே சொல்லோடு வந்தார். ஒரு வளைகோடு. அவ்வளவுதான்.

டிங்.

"நேத்து கூடிப்போச்சு, இன்னைக்குக் குறைஞ்சுபோச்சு. எவ்வளவுதான் சொல்லணும்?"

அவள் மணியை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு கேட்டாள்.

"நேத்து வீட்டுல அக்கா சந்தைக்குப் போனாங்களா?"

"போனா."

"வந்து என்ன சொன்னாங்க?"

"தக்காளி விலை ஏறிட்டாம். ரெண்டு கிலோ வாங்கப் போனவ அரைக் கிலோவோட வந்தேன்னா."

"சந்தையில எத்தனை கடை, கடைக்காரர் என்ன சட்டைன்னு சொன்னாங்களா?"

"அத எதுக்குச் சொல்லணும்?"

டிங்.

இதற்கு எதற்கு மணி என்று கேட்டார். அவள் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். இனி எதுவும் கேட்க முடியாது என்று அர்த்தம்.

தணிகைவேலுக்குக் கோபம் வந்துவிட்டது. அன்று மதியம் தனியாகப் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். வழக்கமாக அவர் கொண்டுவருகிற ஊறுகாயில் பாதி ஹெப்சிபாவுக்குத்தான். அன்றைக்கும் கொடுத்தனுப்பினார். ஆனால் தானே கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நூற்று நாற்பத்தேழாம் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கோடு தெரிந்தது. எழுத்து தெரிந்தது. டீக்கறை நன்றாகவே தெரிந்தது.

அந்தப் படம் என்ன சொல்கிறது என்று மட்டும் தெரியவில்லை. புதனன்றும் தெரிந்திருக்கவில்லை. மூன்று பக்கம் எழுதினபோதும்.

குணசீலனுக்கு போன் போட்டார். அதைத்தான் விட்டுவிடச் சொல்லியாயிற்றே, பிறகென்ன என்று அவர் வைத்துவிட்டார்.

அந்தக் கட்டடத்தில் பொருளாதாரம் தெரிந்த இன்னொரு ஆள், கோப்பு எப்போது வரும் என்று மூன்று நாளாகக் கதவோரம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள்.

தணிகைவேல் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் போட்டார்.

"இசக்கி, எனக்கு ஒரு மண்ணும் விளங்கல. நீ சொல்லும்மா. பொருள் விலை ஏறினா என்ன ஆகும்?"

"வாங்குறது குறையும் சார்."

"சட்டுனு நின்னுருமா?"

"இல்ல. விலை ஏற ஏற, வாங்குறது குறைஞ்சுகிட்டே போகும்."

அவர் படத்தைப் பார்த்தார். நிமிர்ந்து நிற்கிற கோட்டில் விலை. படுத்திருக்கிற கோட்டில் அளவு. மறுபடி பார்த்தார்.

"அடப்பாவி. இது எங்க வீட்டுத் தக்காளில்லா."

ஹெப்சிபா ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் நகர்த்தினாள்.

"இடப்பக்கம் மேல இருந்து கிளம்புது," என்றார் தணிகைவேல். "வலப்பக்கமா இறங்குது. நேரா இல்ல. நடுவுல தொய்ஞ்சு, ஈரத்துணி போட்ட கொடி மாதிரி."

இசக்கியம்மாள் ரப்பர் பலகையை வாங்கி மடியில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். அவர் எட்டிப் பார்த்தார். புத்தகத்தில் இருந்த அதே கோடு.

ஹெப்சிபாவின் கை மணிப் பக்கம் போனது. அதைத் தாண்டிப் போய் ஊறுகாய் டப்பாவைத் திறந்தது.

அதற்கப்புறம் வேலை ஓடியது. கோடு எப்படிப் போக வேண்டும் என்று இசக்கி முதலில் சொல்வாள். அது அப்படித்தான் போகிறதா, எங்கே வளைகிறது, எதை வெட்டுகிறது என்று அவர் பார்த்துச் சொல்வார். இரண்டும் சேர்ந்து மூன்று வரி. வெள்ளி மாலைக்குள் பதினாறு படம். சனி பன்னிரண்டரைக்கு முப்பது. மணி இரண்டே தடவை அடித்தது. இரண்டுக்கும் இசக்கிதான் காரணம் என்று அவரும், சார்தான் காரணம் என்று அவளும் அடித்துச் சொன்னார்கள்.

"பேசாம நீங்களும் எம்.ஏ. சேந்துருங்க சார்," என்றாள் இசக்கி.

"எனக்கு லேடீஸ் ஹாஸ்டல்ல இடம் தர மாட்டாங்களே."

கடைசிப் படம். இருநூற்று மூன்றாம் பக்கம்.

"சராசரி நிலைச் செலவு," என்றாள் இசக்கி. "இது இறங்கணும் சார்."

"ஏறுதும்மா."

"இறங்கணும். ஆட்டோ ஒண்ணுதான, சார். ஏறுற ஆள் கூடக் கூட, ஆளுக்கு வாடகை குறையும்லா?"

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். படத்துக்கு மேலே இருந்த பத்தியில் குறைந்துகொண்டே செல்லும் என்றுதான் அச்சடித்திருந்தது. கீழே படத்தில் கோடு ஜம்மென்று மேலே ஏறியது. அட்டையைத் திருப்பி வாசித்தார். முனைவர் குணசீலன். மூன்றாம் பதிப்பு.

மூன்று பதிப்பாக எத்தனை பேர் இந்தப் பக்கத்தைப் பார்த்திருப்பார்கள்.

இசக்கியம்மாள் வேர்க்கடலைப் பொட்டலத்தைக் கசக்கினாள். "திருத்தப்போறதும் அவர்தான் சார். நான் இறங்கும்னு சொன்னா, புத்தகத்துல ஏறுதுன்னு மார்க்க வெட்டிருவாரு. ஏறும்னு சொன்னா அது தப்பு. விட்டுரவா?"

தணிகைவேல் எழுந்து ஹெப்சிபாவிடம் போனார்.

"புத்தகத்துல உள்ளத உள்ளபடி எழுதணும்ங்கிறது நம்ம விதி. படத்துல ஏறுது. இவ இறங்கணும்ங்கா. இவ சொல்லுறதுதான் சரி. நான் என்னத்த எழுத?"

ஹெப்சிபா ஹெட்போனைக் கழற்றினாள். இந்தத் தடவை ஒரு காதிலிருந்து மட்டுமல்ல, முழுசாகவே கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"குணசீலன் சார் மாடியில இருக்காரா?"

"சனிக்கிழமை ஒரு மணி வரைக்கும் இருப்பாரு."

அவள் மணியைத் தேடி எடுத்தாள். துப்பட்டா முனையால் துடைத்தாள். அவர் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

மூன்று மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. அது எப்போதும் வேலை செய்யாது. இசக்கியம்மாள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

கிளம்பிக்கொண்டிருந்த குணசீலன், வாங்க வாங்க என்றார். என்ன விஷயம் என்று கேட்டார்.

தணிகைவேல் காரணம் சொல்லவில்லை. இருநூற்று மூன்றாம் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தார். அதன்மேல், இசக்கியம்மாளின் கைக்கு எட்டுகிற இடமாகப் பார்த்து, மணியை வைத்தார்.

அவள் தடவிப் பார்த்தாள்.

டிங்.