முதலைக்காகப் பேசிய மான்

கருமடுக் காட்டில் கோடை தொடங்கும் முன் விலங்குகள் பெரிய சபை கூட்டும். மடுவின் எந்தக் கரையில் யார் தண்ணீர் குடிப்பது என்று அங்கேதான் முடிவாகும். அந்தச் சபையில் பேசிப் பழகுவதற்காக, இளசுகள் முன்கூட்டியே ஓர் ஒத்திகைச் சபை நடத்தும். அதில் யாரும் தன் இனத்துக்காகப் பேசக் கூடாது. குலுக்கலில் எந்த இனம் வருகிறதோ, அதற்காகத்தான் பேச வேண்டும்.

செவ்வரி என்ற இளமானுக்கு முதலை வந்தது.

போன கோடையில் அவள் அக்காவை மேற்குக் கரையில் இழுத்துக்கொண்டு போனது ஒரு முதலைதான். குலுக்கலை மாற்றச் சொல்லிப் பார்த்தாள். யாரும் இசையவில்லை.

அவள் நண்பன் துடியன் ஒரு முயல். அவனுக்கு மான் வந்திருந்தது. இருவரும் புதர் மறைவில் பேசிப் பழகினார்கள். செவ்வரி வாயை அகலத் திறந்து, “எங்களுக்குப் பசி. உங்களைத் தின்போம். அவ்வளவுதான்” என்றாள்.

துடியனுக்குச் சிரிப்பு வரவில்லை. “நீ முதலையைத் திட்டுகிறாய். முதலைக்காகப் பேசவில்லை. அதற்கு என்னதான் வேண்டுமாம்?”

செவ்வரிக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதே அவளை உறுத்தியது.

மறுநாள் மடுவின் மேல் நீட்டிக்கொண்டிருந்த உயரமான பாறையில் ஏறி நின்றாள். கீழே கிடந்த பெண் முதலையிடம், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள்.

முதலை பாறையடிக்கு நகர்ந்து வந்தது. இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்றது. பிறகு, கிழக்கு மணல்மேட்டில்தான் தாங்கள் முட்டையிடுவதாகவும், தண்ணீருக்கு வரும் மான் கூட்டம் ஒவ்வொரு கோடையிலும் அவற்றை மிதித்து நொறுக்குவதாகவும் சொன்னது.

செவ்வரியும் அந்த மணலில் ஓடியிருக்கிறாள். காலடியில் ஏதோ உடைந்ததை அவள் பொருட்படுத்தியதே இல்லை.

ஒத்திகை நாளில் மூத்த விலங்குகளும் வேடிக்கை பார்க்க வந்தன. மடுவோரம் முதலைகளும் தலை தூக்கின. செவ்வரி எழுந்தாள்.

“நாங்கள் முதலைகள். குஞ்சு பொரிக்கும்வரை மணல்மேட்டை எங்களுக்கு விடுங்கள். மேற்குக் கரையை உங்களுக்கு விடுகிறோம். அங்கே வேட்டையாட மாட்டோம்.”

மான்களுக்காகத் துடியன் எழுந்தான். “எங்கள் பிள்ளைகளைத் தின்றவர்கள் நீங்கள். உங்கள் பேச்சை எப்படி நம்புவது?”

அது அவளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. செவ்வரி நிமிர்ந்தாள்.

“நம்ப வேண்டாம். ஒரு கோடை பாருங்கள். நாங்கள் தவறினால் அன்றைக்கே மணல்மேட்டுக்கு வாருங்கள். தடுக்க மாட்டோம்.”

மான் கூட்டத்தின் தலைவன் மெல்ல மடுவின் பக்கம் திரும்பி, இது உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டான். பெண் முதலை, “எங்கள் வாயால்கூட இதைவிடச் சரியாகச் சொல்லியிருக்க மாட்டோம்” என்றது.

பெரிய சபையிலும் அதே ஏற்பாடு நிலைத்தது. அந்தக் கோடையில் மேற்குக் கரையில் ஒரு மான்கூட இரையாகவில்லை. மணல்மேட்டிலிருந்து சாண் நீளக் குஞ்சுகள் வரிசையாகத் தண்ணீரில் இறங்கின. செவ்வரி அவற்றை எதிர்க்கரையிலிருந்து பார்த்துக்கொண்டே தண்ணீர் குடித்தாள்.

எதிரிக்கு என்ன வேண்டும் என்று கேட்டறிந்தவரே, தமக்கு வேண்டியதையும் பேசிப் பெறுவார்.