விழாத நிரல்

காலை பதினொன்றே காலுக்கு மூன்றாவது ஆம்புலன்ஸும் தவறான வீட்டு வாசலில் போய் நின்றது. அழைப்புகளை வண்டிகளுக்கு அனுப்பும் கணினி நிரலை எழுதிய தணிகாசலம், மெஹருன்னிசாவின் மேசைக்கு ஓடினார்.

அவர் ஐம்பதைத் தாண்டியவர். அவளுக்கு முப்பத்தாறு. கணினி நினைவகச் சிக்கல் என்றால் அந்த அலுவலகத்தில் எல்லோரும் அவளிடம்தான் போவார்கள்.

"என் நிரல்ல தப்பே இல்ல மேடம். இப்பல்லாம் அது பாதியில நின்னு விழுறதே இல்ல."

"முன்னாடி?"

"சும்மா சும்மா விழும். காலைக் கூட்டத்துல எழுந்து நின்னு காரணம் சொல்லணும். சின்னப் பசங்க சிரிப்பானுங்க."

"விழுந்தா வண்டிக்கு யார் சொல்லுவா?"

"கட்டுப்பாட்டு அறைப் பொண்ணுங்க டிரைவருக்கு போன் போட்டு முகவரி சொல்லுவாங்க. என்னைத் திட்டிக்கிட்டே."

"அப்போ ஒரு வண்டியாவது வீடு மாறிப் போச்சா சார்?"

தணிகாசலம் யோசித்தார். இல்லை.

"எப்படி நிறுத்தினீங்க?"

"ஒவ்வொரு அழைப்புக்கும் நினைவகத்துல ஒரு இடம் ஒதுக்குறேன். நிரல்ல எங்கேயோ ஒரு வரி, வேலை முடியுறதுக்கு முன்னாடியே அதை விடுவிச்சிடுது. கணினிக்குத் திருப்பிக் கொடுத்த இடத்தைத் தொட்டா நிரல் விழும். அந்த வரி எங்க இருக்குன்னு கடைசி வரைக்கும் சிக்கல. அதனால எந்த இடத்தையும் திருப்பிக் கொடுக்கிறதில்ல. நானே வெச்சுக்கிட்டு அடுத்த அழைப்புக்குக் கொடுத்துடறேன்."

மெஹருன்னிசா வெள்ளைப் பலகை அருகே போனாள்.

"உங்க வீட்டு முகவரி?"

சொன்னார். எழுதினாள். உடனே அழித்தாள். அதே இடத்தில் தன் வீட்டு முகவரியை எழுதினாள்.

"உங்க வீட்டுல ஒருத்தருக்கு நெஞ்சுவலி. டிரைவர் இப்பதான் பலகையைப் பார்க்கிறான்."

தணிகாசலம் பலகையைப் பார்த்தார். மெஹருன்னிசா கேட்டாள்:

"மூணாவது வண்டி போக வேண்டிய வீட்டுல யாரு?"

"ஒரு அம்மா. மூச்சுத்திணறல்."

"இப்ப?"

அவர் பலகையில் இருந்த முகவரியை மறுபடி படித்தார்.

பிறகு கேட்டார்: "நான் என்ன செய்யணும்?"

"நீங்க சேர்த்ததை எடுத்துடுங்க."

"மறுபடி விழுமே, மேடம்."

"விழட்டும்."

அன்று மாலையே எடுத்தார். நிரல் விழத் தொடங்கியது. காலைக் கூட்டங்களில் எழுந்து நின்றார். யார் சிரித்தார்கள் என்று பார்க்கவில்லை.

2018 ஜூலை 9, திங்கட்கிழமை, நிரல் விழுந்த இடத்தைப் பின்தொடர்ந்து போய் தணிகாசலம் அந்த வரியைக் கண்டுபிடித்துத் திருத்தினார். அந்த அம்மாவுக்கு அன்று பதினாறாம் நாள் காரியம்.