முத்துராக்கு விட்ட டோஸ்

கொட்டாங்குளம் என்று ஒரு ஊர். அந்த ஊர்க்காரர்களிடம் ஒரு சொல்லைக் கொடுத்தால், திருப்பிப் பார்க்காமல் அப்படியே மடியில் முடிந்துகொள்வார்கள்.

அந்த ஊரில் முத்துராக்குவின் வாய்க்கு நாய்கூடக் குரைக்காமல் ஒதுங்கிப் போகும். தினமும் அந்த வாயில் அகப்படுகிறவர் அவள் புருசன் அய்யாத்துரை. நாலு வசவு விழுந்தால்தான் எழுந்திருப்பார். இன்னும் நாலு விழுந்தால்தான் சாப்பிட உட்காருவார்.

அவருக்கு வயிற்றில் ஒரு கட்டி வந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுச் சிகிச்சையைத்தான், "கரண்ட் வைக்கணும்" என்றார்கள். கேட்டதுமே தம்பிமார் சன்னாசியும் பெரியாண்டியும் ரப்பர் செருப்பு வாங்கி மாட்டிக்கொண்டார்கள். அண்ணனுக்கும் ஒரு ஜோடி.

"வெறுங்காலோட போனா அடிச்சிரும்ணே."

மிஷின் ரூமில் இருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள். "தினமும் கரண்ட் வைக்கிறதுக்கு முன்னால, ஐயா சரியாப் படுத்திருக்காரான்னு ஒரு படம் எடுப்போம். படம் எடுக்கும்போதும் அவருக்குக் கொஞ்சம் டோஸ் விழும். அது எவ்வளவுன்னு அளக்கத்தான் வயித்துல இந்தச் சில்லை ஒட்டியிருக்கேன். தேவையில்லாத டோஸ் அவருக்கு விழவே கூடாது."

தம்பிமார் இருவரும் மெதுவாகத் திரும்பி, கூட வந்திருந்த மதினி முத்துராக்குவைப் பார்த்தார்கள்.

வராண்டாவில் ஆலோசனை நடந்தது.

"டோஸ் விடுறதுன்னா வையிறதுதானடா?" என்றான் சன்னாசி.

"பின்னே? கிணத்து மோட்டாரைக் கழட்டிக் குளிப்பாட்டினதுக்கு அப்பா உனக்கு விட்டாரே, அது என்ன?"

"அது செம டோஸு. இன்னும் காதுக்குள்ளயே கிடக்கு."

"அண்ணனுக்குக் கல்யாணம் ஆன நாள்லேருந்து விழுது. கட்டி எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பப் புரியுதா?"

முத்துராக்கு பதறிப்போய்க் கேட்டாள். "நான் வஞ்சதா இப்படிக் கட்டியாப் போச்சு?"

"சில்லு இருக்கு மதினி. எல்லாத்தையும் அது அளந்துரும். வாயத் தொறக்காத."

அவள் ஒரு கொட்டைப்பாக்கை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டாள். புருசன் பிழைக்கட்டும். வசவுக்கு வேறு ஆளா கிடைக்காது?

மறுநாள் அய்யாத்துரையை மேசையில் படுக்க வைத்தார்கள். பொண்டாட்டி ஒன்றும் சொல்லவில்லை. வெளியே போகும்போது திரும்பிப் பார்த்து லேசாகச் சிரிக்க வேறு செய்தாள். மனுசனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலையைத் தூக்கிக் கதவைப் பார்த்தார். படம் கோணலாக வந்தது.

அந்தப் பெண் உள்ளே போய்ச் சரிசெய்துவிட்டு வந்தாள். அவர் புரண்டு படுத்தார். மறுபடியும் படம். மறுபடியும் கோணல்.

"இப்படித் திரும்பத் திரும்ப எடுத்தா டோஸ் ஏறிக்கிட்டேதான் போகும்மா. படம் சரியா வராம கரண்டும் வைக்க முடியாது" என்றாள் அந்தப் பெண்.

"வையாமலே ஏறுதா!" என்று பெரியாண்டி வாயைப் பிளந்தான்.

சன்னாசி யோசித்தான். "மதினி, நீ மனசுக்குள்ள வையிற. அதையும் நிறுத்து."

உண்மைதான், வைதுகொண்டுதான் இருந்தாள். அவள் கண்ணை இறுக்க மூடி, மனசுக்குள் புருசனை 'ராசா, தங்கம்' என்று கொஞ்சிப் பார்த்தாள். அவளுக்கே குமட்டியது.

அப்போது வெளியே இருந்த ஸ்பீக்கரில், உள்ளே படுத்திருந்த அவர் குரல் நடுங்கி வந்தது. "முத்துராக்கு... டாக்டரு நாள் குறிச்சுட்டாரா? அதான் வைய மாட்டேங்கிறியா?"

உள்ளே நடப்பதைக் காட்டும் டிவியில் பார்த்தால், மேசையை விட்டு இறங்க ஒரு காலைத் தொங்கப் போட்டிருந்தார்.

பாக்கு தெறித்துப் போய்ச் சன்னாசி நெற்றியில் விழுந்தது. முத்துராக்கு அந்தப் பெண்ணின் மைக்கைப் பிடுங்கினாள்.

"ஏ எடுபட்ட மனுசா! காலை உள்ள இழு! எருமைகூடச் சொன்ன எடத்துல படுக்கும், உனக்கு என்ன கேடு? நாள் குறிக்கிறாங்களாம், நாளு! உன்னைய நான் வைய வேண்டியது இன்னும் மலை மாதிரி கிடக்கு, அதுக்குள்ள எங்கய்யா போயிருவ? மூச்சு விட்டாலும் மெதுவா விடு, படு!"

அய்யாத்துரை கட்டை மாதிரி படுத்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. படம் கண்ணாடி மாதிரி வந்தது. கரண்டும் வைத்து முடித்தார்கள்.

தம்பிமார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். "போச்சு! நேத்துலேருந்து அடக்கினதும் சேர்ந்து விழுந்துருச்சு!"

அந்தப் பெண் சில்லை எடுத்துப் போய் அளந்துவிட்டு வந்தாள். "பயப்படாதீங்க. டோஸ் ரொம்பக் கம்மிதான்."

முத்துராக்கு முகம் சிவந்தது. "என்னது, கம்மியா? பாக்கு அடக்கின வாய் தாயி, அதான் சரியா வரல. நாளைக்கு வந்து அளந்து பாரு!"

மறுநாள் மிஷின் ரூம் வாசலில் முத்துராக்கு, அவள் அம்மா, சின்னம்மா மூவரும் தொண்டையைக் கனைத்தபடி நின்றார்கள். பின்னால் தம்பிமார், காலில் ரப்பர் செருப்பு, காதில் பஞ்சு.

"பாப்பா, இன்னிக்கு அந்தச் சின்னச் சில்லு தாங்காது" என்றான் சன்னாசி. "ஒரு தாம்பாளம் அளவுக்கு இருந்தா எடுத்து ஒட்டு."