மணி அடிக்காத வியாழக்கிழமை

தணிகாசலம் பன்னிரண்டு வருடமாக அந்த மடத்துக்கு வருகிறவர். அந்த வியாழக்கிழமை குருவை வணங்காமல் நின்றார்.

"என்னப்பா?" என்றார் குரு சிவகாமி அம்மையார்.

"டாக்டர் சொல்லிட்டாங்கம்மா. என் பொண்ணு நிறைமதிக்கு ஆட்டிசம்."

"சரி."

"என்ன சரி? வர்றதை ஏத்துக்கோ, ஏத்துக்கோன்னு வாராவாரம் சொல்றீங்க. எதை ஏத்துக்கறது? அஞ்சு வயசாகுது. ஒருநாள்கூட என்னை அப்பான்னு கூப்பிட்டதில்லை!"

அம்மையார் வாசல் பக்கம் பார்த்தார்.

"குழந்தை எங்கே?"

"வாசல்ல, ஆட்டோவில. அவ அம்மா கூட. மணிச் சத்தம் கேட்டா காதைப் பொத்திக்கிட்டுக் கத்துவா. போன மாசம் எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்களே."

"நானும்தான் பார்த்தேன். கூட்டிட்டு வா."

நிறைமதி உள்ளே வந்த சற்று நேரத்தில் பூசை தொடங்கியது. பெரிய மணி ஒலித்தது. குழந்தை தரையில் விழுந்து அலறினாள்.

மடத்து நிர்வாகி பொன்னரங்கம் எழுந்தார். "முன்ஜென்ம வினை. பூசை நேரத்துல இதையெல்லாம் உள்ளே விடலாமா?"

தணிகாசலத்தின் முகம் சிறுத்தது. "மன்னிச்சுக்கணும்" என்று கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினார். மகளைத் தூக்கப் போனார்.

அதற்குள் அம்மையார் மணியடிப்பவர் கையிலிருந்து கயிற்றை வாங்கினார். மணியைப் பிடித்து நிறுத்தினார். கயிற்றை அவிழ்த்துக் கீழே போட்டார்.

"ஒரு குழந்தைக்காகவாம்மா? சாமிக்கு அடிக்கிற மணி!" என்றார் நிர்வாகி.

"சாமிக்குக் காது மந்தம்னு உங்களுக்கு யார் சொன்னது? இன்னொரு தடவை அந்தக் குழந்தையைப் பார்த்து வினைன்னு சொன்னா, நீங்க வெளியே."

பொன்னரங்கம் உட்கார்ந்தார். அலறல் விசும்பலானது. நிறைமதி எழுந்து, கல்தூணில் கன்னத்தை வைத்து ஏதோ முனகத் தொடங்கினாள்.

தணிகாசலத்துக்குக் கண் கலங்கியது. கோபமும் அடங்கவில்லை.

"எங்களுக்காக நீங்க சண்டை போட வேண்டாம்மா. நாங்க வராமலே இருந்துடறோம்."

"காது வலிச்சது அவளுக்கு. நீ யார்கிட்ட மன்னிப்பு கேட்டே?"

"வேற என்ன செய்யச் சொல்றீங்க? டாக்டரைப் பார்த்தா எரிச்சல். சொந்தக்காரங்க போன் பண்ணா எரிச்சல். பெத்த பொண்ணு மேலேயே சில நேரம் ஆத்திரமா வருது. இப்படியே எத்தனை நாள்? என் மனசு எப்பம்மா இவளை ஏத்துக்கும்?"

பன்னிரண்டு வருடத்தில் அம்மையாரின் குரல் அவரிடம் அவ்வளவு கடுமையாக ஒலித்ததில்லை.

"இவளால வர்ற கோபம் இவ்வளவு இருக்கு உன்கிட்ட. இவளுக்காக ஒரு கோபம் வரட்டும். அன்னிக்கு வந்து கேளு."