உயிர் இரைக்குக் காவல்

தவிட்டுப்பட்டிக்காரர்கள் சொன்ன சொல் தவறாதவர்கள். அடுத்தவர் சொன்ன சொல்லையும் ஓர் எழுத்துகூடத் தவறவிட மாட்டார்கள். சிக்கல் அங்கேதான்.

அந்த ஊர்ப் பெத்தணனுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து மனைவி வேலம்மா உண்டாகியிருந்தாள். எதைத் தின்னக் கொடுத்தாலும் குமட்டல். ஒரு நாள் அவளாகவே வாய் திறந்து கேட்டாள்: "பாறை மீன் திங்கணும் போல இருக்கு. நீங்க உங்க கையால பிடிச்சதா இருக்கணும்."

இதையாவது கேட்டாளே என்று பெத்தணனுக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பி வீரணனையும் வேலம்மாவின் அண்ணன் ஒய்யணனையும் கூட்டிக்கொண்டு அன்றைக்கே பாம்பன் தீவுக்குப் பஸ் ஏறினான். மூன்று பேரும் கடலைப் பார்த்ததில்லை.

பாம்பனில் பிரிட்டோ என்பவர் தூண்டில் கடை வைத்திருந்தார். வெளியூர்க்காரர்களைப் படகில் ஏற்றி மீன் பிடிக்கக் கூட்டிப் போவதும் அவர்தான்.

"எந்த மீனுக்குத் தூண்டில் வேணும் தம்பி?"

"மீனுக்கு இல்லண்ணே, எனக்குத்தான்," என்றான் பெத்தணன்.

வேடிக்கையான ஆள் என்று நினைத்துச் சிரித்தார் பிரிட்டோ. பிறகு அவர் அன்றைக்குச் சிரிக்கவே இல்லை.

"பாறைன்னா சண்டை போடும். கம்பு கெட்டியா இருக்கணும். இந்தத் தூண்டில் நரம்பு பதினஞ்சு கிலோ தாங்கும். அதுக்கு மேல போனா அறுந்துரும்."

மூவரும் ஓரமாகப் போய்க் கூடிப் பேசினார்கள்.

"அப்ப மீனை எடை போட்டுட்டுத்தான் பிடிக்கணும்," என்றான் வீரணன்.

"பிடிக்காம எப்படிடா எடை போடுறது?"

"பிடிச்சப்புறம் போட்டா அறுந்துருமே அண்ணே."

ஒய்யணன் நெடுநேரம் கடலைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னான்: "தராசை வாங்குவோம் மாப்ளே. மத்ததை உள்ள போய் யோசிப்போம்." கடைத்தெருவில் ஒரு கொக்கித் தராசு வாங்கினார்கள்.

அடுத்தது இரை. பிரிட்டோ ஒரு வாளியில் உள்ளங்கை நீள மடவை மீன் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். "பாறைக்கு உயிர் இரைதான் சரி. இது சாகவே கூடாது. செத்துட்டா பாறை திரும்பிக்கூடப் பார்க்காது. தண்ணியை மட்டும் மாத்திக்கிட்டே இருங்க. சாயங்காலம் நாலு மணிக்குக் கிளம்புவோம்."

மூவரும் தண்ணீரை மாற்றினார்கள். வாளித் தண்ணீரைக் குடத்துக்கு மாற்றினார்கள். குடத்துத் தண்ணீரை வாளிக்கு மாற்றினார்கள். மடவையும் கூடவே போய்ப் போய் வந்தது. மூன்று மணி நேரம் கை ஓயவில்லை. நாலு மணிக்கு வந்த பிரிட்டோ, மடவை துள்ளுவதைப் பார்த்து, "பரவாயில்லையே, விவரமான ஆளுங்கதான்," என்றார்.

படகு பாறைத்திட்டுப் பக்கம் நின்றது. பிரிட்டோவே மடவையின் முதுகில் தூண்டிலைக் கோத்துக் கடலில் விட்டார். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. சற்று நேரத்தில் வீரணன் அலறினான்.

"அண்ணே! பெரிய மீனு ஒண்ணு நம்ம மடவையைத் திங்க வருது!"

பெத்தணன் படபடவென்று நரம்பைச் சுற்றி மடவையை மேலே தூக்கி வாளியில் போட்டான். மூவருக்கும் உயிர் வந்தது. இப்படி மூன்று முறை காப்பாற்றினார்கள்.

"ஏன்யா தூக்குற?" என்று கத்தினார் பிரிட்டோ.

"சாகவே கூடாதுன்னீங்களேண்ணே. தின்னா செத்துருமே."

"திங்கத்தான்யா போடுறோம்!"

பெத்தணன் வாளியைப் பார்த்தான். மூன்று மணி நேரம் கைமாற்றி வளர்த்த உயிர். அந்தப் பக்கம், ஒரு வாய் சோறு இறங்காமல் படுத்திருக்கும் வேலம்மா. "மன்னிச்சுக்கப்பா," என்று மடவையிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு தூண்டிலைப் போட்டான்.

பாறை பாய்ந்து கவ்வியது. கம்பு வில்லாக வளைந்தது.

"இழுக்காதே! விட்டுப் பிடி, விட்டுப் பிடி!" என்றார் பிரிட்டோ.

பெத்தணன் விட்டான். கம்பு கையை விட்டுப் பறந்தது. அது கடலில் விழுவதற்குள் ஒய்யணன் பாய்ந்து அதன் மேல் விழுந்து பிடித்தான். வீரணன் சுற்றினான். கால் மணி நேரப் போராட்டத்துக்குப் பின் மீன் களைத்துப் படகோரம் வந்து மிதந்தது.

"தூக்குய்யா!"

"இருங்கண்ணே," என்று வீரணன் குனிந்து, தொய்ந்து கிடந்த நரம்பில் தராசை மாட்டினான். முள் அசையவில்லை. "எடையே இல்லை. தாராளமா தூக்கலாம்."

தூக்கினார்கள். பத்துக் கிலோ இருக்கும். படகில் விழுந்து வாயைப் பிளந்தது. உள்ளேயிருந்து மடவை உயிரோடு துள்ளி வெளியே விழுந்தது. மூவரும் கட்டிப்பிடித்து ஆடினார்கள். பெத்தணன் மடவையை அள்ளி வாளியில் போட்டான்.

ஆட்டம் ஓய்ந்ததும் ஒய்யணன் முகம் வாடியது. "மாப்ளே, தங்கச்சி உங்க கையால பிடிச்சதைத்தானே கேட்டுச்சு? கம்பைப் பிடிச்சது நான். சுத்தினது வீரணன். நீங்க விட்டதோட சரி."

"அப்படிப் பார்த்தா மீனைப் பிடிச்சது நாம யாருமே இல்லை மச்சான்," என்றான் வீரணன். "உள்ள போய்ப் பிடிச்சுட்டு வந்தது மடவைதான்."

பொய் சொல்லி வேலம்மாவுக்கு ஊட்டப் பெத்தணனுக்கு மனம் வரவில்லை. கையால் பிடிக்க வேண்டும், அவ்வளவுதானே? தூண்டிலைக் கழற்றிப் பாறையை மெதுவாகக் கடலில் விட்டான். இரண்டு கையையும் முழங்கை வரை தண்ணீரில் விட்டுக் காத்திருந்தான். இருட்டும்வரை காத்திருந்தான். பிரிட்டோ காலி ஐஸ் பெட்டியை மூடி அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் பெத்தணன் வாளியோடு வீடு வந்து சேர்ந்தான். வேலம்மா எட்டிப் பார்த்தாள்.

"இதுவா பாறை மீனு?"

"இல்லை புள்ள. இது பாறை மீனைப் பிடிக்கிற மீனு."

வேலம்மாவின் முகம் ஆறு மாதத்தில் முதல் தடவையாக மலர்ந்தது. மடவையை வாங்கிக் கிணற்றில் விட்டாள். பிறகு மிளகாய் அரைத்து, புளியைக் கரைத்து, அடுப்பில் சட்டியை ஏற்றிவிட்டுக் கிணற்றுக்குள் குனிந்து குரல் கொடுத்தாள்:

"ரொம்பப் பெருசா வேண்டாம்யா! ரெண்டு பேருக்குத்தான்!"