கரிசலுக்கு முதல் மரியாதை

மேட்டுக்கோட்டையை ஆண்ட செண்பகவர்மருக்குச் சட்டம் போடுவதென்றால் கொள்ளை ஆசை. அவருடைய மைத்துனர்கள் இரண்டு பேர் வேட்டை முடிந்து வந்தவர்கள், யார் முதலில் நுழைவது என்று முட்டி மோதி அரண்மனை வாசலில் சிக்கிக்கொண்டார்கள். இருவருமே நல்ல பருமன். பிடித்து இழுத்தெடுக்கப் பாதி நாள் ஆயிற்று. அன்றே ராஜா சட்டம் போட்டுவிட்டார்: "எது முதலில் வெளியே போனதோ, அதுவே முதலில் உள்ளே வரவேண்டும். எல்லாவற்றுக்கும் இதுதான் வரிசை!"

அந்தச் சட்டம் வெள்ளத்தாயியின் தலையில் போய் விடிந்தது.

அவளுடைய கரிசல் காட்டுக்கு அடியில் சுண்ணாம்புக்கல் இருந்தது. புதுக் கோட்டைச் சுவருக்கு அது வேண்டுமென்று ஆட்களோடு வந்து இறங்கினார் திவான் திருமலைக்கொழுந்து. "கல்லை எடுத்துக்கொண்டு குழியை மூடித் தந்துவிடுவோம். ஒரு கூடை மண் குறையாது" என்று வாக்குக் கொடுத்தார். முதலில் கரிசல் மண்ணை வெட்டித் தனியாகக் குவித்தார்கள். அடுத்து சரளை. அதற்கும் கீழே உதவாத பாறை. எல்லாவற்றுக்கும் அடியில்தான் சுண்ணாம்புக்கல்.

கல் போனது. குழியை மூடும் நாள் வந்தது.

"முதலில் வெளியே வந்தது எது?" என்று கேட்டார் திவான்.

"கரிசலுங்க."

"அப்படியானால் அதுதான் முதலில் உள்ளே போகவேண்டும். சட்டம்!"

மேளதாளத்தோடு, மாலை மரியாதையோடு, கரிசல் மண் குழியின் அடிக்குப் போனது. அதன்மேல் சரளை விழுந்தது. எல்லாவற்றுக்கும் மேலே பாறை ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது.

வெள்ளத்தாயி சபைக்கு ஓடிவந்து அழுதாள். "சாமி, பாறையில எப்படிப் பருத்தி போடுவேன்? மூணு புள்ளைகளுக்கு அந்தக் காடுதான் கஞ்சி ஊத்துது!"

"ஒரு கூடை மண் குறைந்ததா?" என்றார் திவான்.

"குறையலைங்க. ஆனா..."

"கேட்டீர்களா மகாராஜா? மண் முழுசாக இருக்கிறது. இவளுக்குத்தான் விவசாயம் தெரியவில்லை. கார்த்திகைக்குள் பருத்தி முளைக்காவிட்டால் அந்த நிலத்தை நம் பந்தாட்டத் திடலுக்கு எடுத்துக்கொள்ளலாம்."

திவானுக்குப் பந்தாட்டம் என்றால் உயிர். ராஜாவும் தலையாட்டிவிட்டார். எனக்கு அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவையில் இருந்த ஆவுடையப்பர் வாயே திறக்கவில்லை. அவர் சபையின் விகடகவி. பேசாமல் இருந்தால் ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம். வெள்ளத்தாயியிடம் மட்டும், "சனிக்கிழமை காலையில் சபைக்கு வந்துவிடு தாயி" என்று சொல்லியனுப்பினார்.

சனிக்கிழமை ராஜாவுக்கு எண்ணெய்க் குளியல். கிரீடத்தைக் கழற்றினார், பீதாம்பரத்தைக் கழற்றினார், பட்டு வேட்டியைக் கழற்றினார், கடைசியாகக் கோவணத்தையும் கழற்றினார். குளித்துவிட்டுச் சொக்கிப்போய் வந்து நின்றார். ஊழியர்கள் முதலில் கிரீடத்தைத் தூக்கித் தலையில் வைத்தார்கள்.

"டேய், என்னடா இது?"

கதவோரம் நின்ற ஆவுடையப்பர் பணிந்து சொன்னார்: "சட்டம், மகாராஜா. முதலில் போனது முதலில் வரவேண்டும்."

ராஜா விழித்தார். தான் போட்ட சட்டத்தைத் தானே மீறுவதா? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பீதாம்பரம் வந்தது. பட்டு வேட்டி வந்தது. எல்லாம் கட்டி முடிந்தபின் வேட்டிக்கு மேலே கோவணத்தை இறுக்கிக் கட்டினார்கள்.

அந்தக் கோலத்தில் ராஜா சபைக்கு வந்து சிம்மாசனத்தில் உட்கார்ந்தார். சபையில் எல்லோரும் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்கள். திவான் மட்டும், "ஆகா! என்ன கம்பீரம்!" என்று உருகினார்.

அந்த நேரம் பார்த்து வெள்ளத்தாயி உள்ளே வந்தாள். வந்தவள் சட்டென்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஏன் தாயி முகத்தை மூடுகிறாய்? மகாராஜாவின் உடுப்பில் ஏதாவது குறைகிறதா?" என்று கேட்டார் ஆவுடையப்பர்.

"ஒண்ணும் குறையலை சாமி. எல்லாம் இருக்கு. ஆனா அடியில கிடக்க வேண்டியது மேல வந்துருச்சே! என் காடும் இந்த மாதிரிதான் சாமி நிக்குது!"

ராஜா குனிந்து தன்னைப் பார்த்தார். நிமிர்ந்து வெள்ளத்தாயியைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், கிரீடம் கழன்று மடியில் விழும்வரை சிரித்தார்.

"திவானே! நாளைக்கே அந்தக் காட்டைத் திரும்பத் தோண்டும். பாறை அடியில், சரளை நடுவில், கரிசல் எல்லாவற்றுக்கும் மேலே!"

"மகாராஜா, கரிசல் கடைசியாகப் போனால் அதன் மரியாதை என்னாவது?" என்று பதறினார் திவான்.

"நம் ஊர்வலத்தில் கொடிக்காரன் முன்னால் போகிறான், மேளக்காரன் அடுத்துப் போகிறான். நான் எப்போது வருகிறேன்?"

"கடைசியாக, மகாராஜா."

"எனக்கு இருக்கிற மரியாதை மண்ணுக்கும் இருக்கட்டும். போம்! முதல் கூடையை நீரே சுமக்கவேண்டும்."

வெள்ளத்தாயி முகத்தைத் திறக்காமலே கும்பிட்டாள். ராஜாவுக்கு ஆவுடையப்பர்மேல் அன்பு பொங்கிவிட்டது. மனம் குளிர்ந்தால், தான் மேலே கட்டியிருப்பதை அவிழ்த்து எதிரே நிற்பவருக்குப் போர்த்திவிடுவது அவர் வழக்கம்.

"ஆவுடையப்பரே, வாரும் இப்படி!" என்று எழுந்தார். கை இடுப்பு முடிச்சுக்குப் போனது.

ஆவுடையப்பர் நாலடி பின்னால் பாய்ந்தார்.

"மகாராஜா, பொறுங்கள்! முதலில் உள்ளே போய் வரிசையை மாற்றிக் கட்டிக்கொண்டு வாருங்கள். பரிசை அப்புறம் வாங்கிக்கொள்கிறேன்!"